காக்கா எப்படித் தாத்தா ஆனது? மழலை உச்சரிப்புகள் பற்றி ஓர் இழை

கொடிமுல்லை:
மகனுக்கு இரண்டு வயது நான்கு மாதம். பேச்சு கொட்டுகிறது. ஆனால் ‘க’ மட்டும் எங்கும் கிடையாது, அது வரவேண்டிய இடமெல்லாம் ‘த’தான். கண் தண், கதை ததை, குதிரை துதியை. ‘ர’வும் ‘ற’வும் ‘ய’ ஆகிவிடும். இந்த இரண்டும் ஒன்றாகச் சேர்ந்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். காக்கா பறந்து போச்சு என்று சொல்ல வந்தவன், “தாத்தா பயந்து போச்சு” என்று வீடெல்லாம் கத்திக்கொண்டு ஓடுகிறான். போனில் இதைக் கேட்ட என் அப்பா, “யாரைப் பார்த்துடா நான் பயந்தேன்?” என்று கேட்டார். அவனுக்கு ஒன்றும் புரியவில்லை, திரும்பவும் ஜன்னலைக் காட்டி அதையே சொன்னான்.

எனக்கு ஒரு சந்தேகம். “தாத்தாவா பறந்து போச்சு?” என்று அவன் மாதிரியே கேட்டால் கோபம் வந்துவிடுகிறது. “தாத்தா இல்ல, தாத்தா!” என்று காலை உதைக்கிறான். “காக்காவா?” என்றால் உடனே முகம் மலர்ந்து, “ஆமா, தாத்தா!” என்கிறான். இரண்டையும் ஒரே மாதிரிதான் சொல்கிறான், பிறகு எப்படி நான் சொல்வதில் மட்டும் தப்பு கண்டுபிடிக்கிறான்?

உங்கள் வீட்டுச் சொற்களையும் எழுதுங்கள். இதெல்லாம் சில மாதங்களில் காணாமல் போய்விடும்.

அணில்வால்:
“தாத்தா பயந்து போச்சு” படித்துவிட்டு என் மனைவியிடமும் ஓடிப்போய்ச் சொன்னேன்!

எங்கள் மகள் பட்டியல்: விமானம் மிமானம். நாய்க்குட்டி நாய்க்குக்கி, பூனைக்குட்டி பூனைக்குக்கி. செருப்பு செப்பு. ஹெலிகாப்டர் மட்டும் தனி ரகம், அவள் வாயில் அது “எலிகாப்பாத்து”. வானத்தில் சத்தம் கேட்டால் போதும், “எலிகாப்பாத்து! எலிகாப்பாத்து!” என்று கூவுவாள். எலியும் தெரியும், காப்பாத்து என்பதும் அவளுக்குத் தெரிந்த சொல். அதனால்தான் இப்படிப் பிரித்துக் கேட்டிருக்கிறாள் என்று நினைக்கிறேன். இனி எங்களுக்கும் அது எலிகாப்பாத்துதான்.

ஒலிப்பாடம்:
நான் மொழியியல் சொல்லிக்கொடுப்பவன். கொடிமுல்லை கேட்ட கேள்வி இந்தத் துறையில் ரொம்பப் பிரபலமானது. ஜீன் பெர்க்கோ, ராஜர் பிரவுன் என்ற இருவர் 1960ஆம் ஆண்டு இதை எழுதிவைத்தார்கள். ஒரு குழந்தை தன் பிளாஸ்டிக் மீன் பொம்மையை ‘ஃபிஷ்’ என்று சொல்ல வராமல் ‘ஃபிஸ்’ என்றது. பெரியவர், “இது உன் ஃபிஸ்ஸா?” என்று கேட்டால் மறுத்தது, “இல்லை, என் ஃபிஸ்” என்றது. கடைசியில் “உன் ஃபிஷ்ஷா?” என்று கேட்டதும், “ஆமாம், என் ஃபிஸ்” என்று ஒப்புக்கொண்டது. உங்கள் மகன் செய்வது அச்சு அசல் அதேதான்.

இதற்கு என்ன பொருள்? காதில் காக்காவும் தாத்தாவும் வேறுவேறாகத்தான் விழுகின்றன. மனத்திலும் தனித்தனியாகத்தான் பதிந்திருக்கின்றன. வெளியே வரும்போதுதான் ஒன்றாகிவிடுகின்றன. அவன் சொல்லும்போது தான் சொல்ல நினைத்ததையே கேட்டுக்கொள்கிறான் போலும். நீங்கள் சொல்லும்போது, நீங்கள் உண்மையில் சொன்னது கேட்கிறது. அதனால்தான் கோபம். “அம்மாவுக்குச் சரியாகப் பேச வருமே, ஏன் தப்பாகச் சொல்கிறாள்” என்ற நியாயமான கோபம் அது.

‘க’ ஏன் ‘த’ ஆகிறது என்பதற்கும் காரணம் உண்டு. ‘க’வுக்கு நாக்கின் பின்பகுதி எழும்பி மேலே ஒட்ட வேண்டும். ‘த’வுக்கு நுனி பல்லைத் தொட்டால் போதும். வாயின் முன்பக்கத்து மெய்கள் வந்த பிறகுதான் பின்பக்கத்து மெய்கள் வரும் என்று ரோமான் யாக்கப்சன் என்ற மொழியியலாளர் 1941இல் எழுதினார். எல்லாக் குழந்தைக்கும் அவர் சொன்ன வரிசை அப்படியே பொருந்தவில்லை என்று பின்னால் வந்த ஆய்வுகள் காட்டின. ஆனால் ‘க’வுக்குப் பதில் ‘த’ என்பது பல மொழிகளில், பல குழந்தைகளிடம் பார்த்த ஒன்று. ‘த’வுக்குப் பதில் ‘க’ சொல்பவர்கள் அபூர்வம்.

மாலைவெயில்:
என் பேத்திக்கு மழை எல்லாம் மலை. “மலை வருது, மலை வருது, உள்ள வா பாட்டி” என்று கையைப் பிடித்து இழுப்பாள். இவ்வளவு அழகாகக் கூப்பிடும்போது திருத்த மனசு வருமா? எங்கள் வீட்டில் அவள் சொல்வதுதான் சட்டம். நாங்களும் மலை வருது என்போம். பிள்ளைகள் வளர்ந்த பிறகும் அந்தச் சொற்கள் குடும்பத்தில் நிற்கின்றன. என் மூத்த மகன் சிறுவயதில் கண்ணாடியைக் ‘கன்னானி’ என்றான். அவனுக்கு இப்போது வழுக்கை விழுந்துவிட்டது, நான் இன்னும் “என் கன்னானி எங்கடா?” என்றுதான் அவனிடம் கேட்கிறேன். எல்லாரும் இப்படிச் செய்யுங்கள் என்பேன்.

நாநலம்:
நான் பேச்சுப் பயிற்சியாளர். மாலைவெயில் அம்மா சொல்வதில் உள்ள பாசம் புரிகிறது. ஆனால் அதை எல்லாருக்குமான யோசனையாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

குழந்தைக்குச் சரியான ஒலி எங்கிருந்து கிடைக்கும்? சுற்றி இருப்பவர்கள் வாயிலிருந்துதான். ஒலிப்பாடம் ஐயா சொன்னபடி, மனத்தில் அவர்கள் சேர்த்து வைத்திருப்பது நம்மிடம் கேட்டது. நாமே மலை வருது என்றால் அவளுக்கு எதைப் பார்த்துத் திருத்திக்கொள்வது?

அதற்காக “மலை இல்ல, மழை. எங்கே சொல்லு, மழை, ழ, ழ” என்று நிறுத்திவைத்துச் சொல்லச் சொல்வதும் கூடாது. அவள் மழையைப் பற்றிச் சொல்ல வந்தாள், நீங்கள் நாக்கைப் பற்றிப் பேசுகிறீர்கள். செய்ய வேண்டியது ஒன்றுதான். “ஆமா, மழை வருதே! பெரிய மழையா வருது. வா, மழைக்கு முன்னாடி உள்ள போயிடலாம்” என்று சொல்லிவிட்டு வேலையைப் பாருங்கள். சொன்ன விஷயத்துக்கு பதில் கிடைத்தது, சரியான சொல்லும் மூன்று முறை காதில் விழுந்தது. திரும்பச் சொல்லும்படி கேட்கவே வேண்டாம்.

மாலைவெயில்:
நாநலம், நான் இரண்டு பிள்ளைகளை வளர்த்தவள். இருவருக்கும் இப்படித்தான் பேசினோம், இருவரும் பள்ளிக்குப் போவதற்குள் தெளிவாகப் பேசிவிட்டார்கள். குழந்தையிடம் குழந்தை மாதிரி பேசுவதை எல்லாம் தப்பு என்றால் தாலாட்டும் தப்பாகிவிடும் போலிருக்கிறதே.

ஒலிப்பாடம்:
அம்மா, இதில் இரண்டு விஷயங்கள் கலந்திருக்கின்றன. குழந்தையிடம் பேசும்போது நம் குரல் தானாக ஏறுகிறது, உயிரொலிகளை இழுக்கிறோம், வாக்கியத்தைச் சின்னதாக்கி மெதுவாகச் சொல்கிறோம். அப்படிப் பேசினால் குழந்தைகள் கூடுதல் கவனத்தோடு கேட்கிறார்கள் என்று ஆய்வுகளும் சொல்கின்றன. அதை யாரும் நிறுத்த வேண்டியதில்லை. நாநலம் தடுப்பது, குழந்தை தவறாகச் சொன்ன சொல்லை நாமும் தவறாகவே திருப்பிச் சொல்வதை மட்டும். இழுத்து, கொஞ்சி, பாட்டாக “மழையே மழையே” என்றால் யாருக்கும் மறுப்பு இல்லை.

நாநலம்:
அதேதான். ‘கன்னானி’ போல ஒன்றிரண்டு சொற்கள் குடும்பத்தின் செல்லச் சொத்தாக இருந்துவிட்டுப் போகட்டும் அம்மா, அதனால் ஒரு கெடுதலும் வராது. பேச்சு முழுவதும் அப்படி ஆகிவிடக் கூடாது என்பதே நான் சொல்வது.

மாலைவெயில்:
சரி, மழைக்கு மட்டும் இன்றிலிருந்து மழை என்கிறேன். கன்னானியை விட மாட்டேன்.

ஏட்டுச்சுவடி:
நான் தமிழாசிரியர். மழை மலையாவதைப் பற்றி ஒரு வார்த்தை. ‘ர’, ‘ழ’ இரண்டும் எப்படிப் பிறக்கின்றன என்று தொல்காப்பியத்தின் பிறப்பியல் சொல்கிறது: “நுனிநா அணரி அண்ணம் வருட, ரகார ழகாரம் ஆயிரண்டும் பிறக்கும்.” நுனி நாக்கு மேல்நோக்கி வளைய வேண்டும், வளைந்து அண்ணத்தை வருட வேண்டும். ஒட்டக் கூடாது, விலகி நிற்கவும் கூடாது. எவ்வளவு நுட்பமான வேலை! அதே இயலில் ‘ப’வுக்கும் ‘ம’வுக்கும் இதழ் இயைந்தால் போதும் என்று முடித்துவிடுகிறது. குழந்தை அம்மா, அப்பா, பாப்பா என்று தொடங்கி, ர ழ ற மூன்றையும் கடைசிக்கு ஒதுக்குவதில் வியப்பே இல்லை. அந்த மூன்றும் சிலருக்கு ஐந்து வயது தாண்டியும் முழுதாகப் பிடிபடாது.

இன்னொன்றையும் கவனியுங்கள். வீட்டில் பெரியவர்களே மழையை மளை என்றோ மயை என்றோ சொன்னால், குழந்தை சொல்வது மழலைப் பிழை ஆகாது. கேட்டதைச் சரியாகத்தான் சொல்கிறது. ‘ழ’ வரவில்லை என்று குழந்தையைக் குறை சொல்லும் முன் நாம் பேசுவதைக் கொஞ்சம் உற்றுக் கேட்க வேண்டும்.

எழுத்துகளை இடம் மாற்றிச் சொல்லும் குழந்தைகள் யார் வீட்டிலாவது இருக்கிறார்களா? எனக்கு அந்த வகை மிகவும் பிடிக்கும்.

நடைவண்டி:
இருக்கிறார்கள் ஐயா. எங்களுக்கு இரட்டையர், ஆண் ஒன்று, பெண் ஒன்று, மூன்று வயது ஆகப்போகிறது. பெண்ணுக்கு மதியம் ‘மயிதம்’, குதிரை ‘குருதை’. தம்பி இந்தப் பக்கமே போக மாட்டான், அவனுக்குச் சொல் நீளமாக இருந்தால் நடுவில் ஒன்றைக் கழற்றிவிடுவான். குரங்கு ‘குங்கு’, சக்கரம் ‘சக்கம்’, கத்திரிக்கோல் ‘கத்திக்கோ’. ஒரே வயிறு, ஒரே வீடு, ஒரே பேச்சுதான் கேட்கிறார்கள், ஆனால் ஆளுக்கொரு வழி! அக்கா குருதை என்றால் தம்பி ‘குதை’ என்பான், இருவருக்கும் அடுத்தவர் சொல்வது புரிந்துவிடும்.

ஏட்டுச்சுவடி:
குருதை! அருமை. பெரியவர்கள் சிலர் பேச்சிலும் அது உண்டு. தமிழே இதைத்தான் செய்திருக்கிறது. தசையைச் சதை என்கிறோம், கொப்புளத்தைப் பொக்குளம் என்கிறோம், விசிறி சிவிறி என்றும் வழங்கியது. ஒரு சொல்லுக்குள் எழுத்துகள் இடம் மாறியவை இவை, இலக்கணப்போலி என்ற பெயரில் பாடநூலிலேயே வருகின்றன. குழந்தை சொன்னால் சிரிப்பு, ஊரே சொன்னால் இலக்கணம்!

தம்பி நடுவில் கழற்றுவதற்கும் இணை உண்டு. ‘ஸ்கூல்’ என்பதை எழுத்தறியாத பெரியவர்கள் ‘இஸ்கூல்’ என்பார்கள், முன்னால் ஒன்றைச் சேர்த்துச் சுலபமாக்குவது அவர்கள் வழி. குழந்தை ‘கூலு’ என்கிறது, ஒன்றைக் கழித்துச் சுலபமாக்குகிறது. சிக்கல் ஒன்றுதான், தீர்வுதான் இரண்டு.

அணில்வால்:
எனக்கு இன்னும் தெளியவில்லை. நாக்கு வளையாததுதான் காரணம் என்றால், ஒரு எழுத்து எங்குமே வரக்கூடாது இல்லையா? என் மகள் ‘அக்கா’ என்று கணீரென்று சொல்கிறாள். ஆனால் கதவு மட்டும் ‘ததவு’. ‘க’ இருக்கிறது, வேண்டிய இடத்தில் பயன்படுத்தவில்லை. விமானத்தை மிமானம் என்பவளுக்கு ‘விளக்கு’ நன்றாக வருகிறது.

ஒலிப்பாடம்:
இந்த இழையின் மிக நல்ல கேள்வி இது. நாக்கு ஒரு பாதிதான் காரணம்.

நீல் ஸ்மித் என்ற மொழியியலாளர் தன் சொந்த மகனின் பேச்சை இரண்டு வயதிலிருந்து தொடர்ந்து குறித்துவைத்து 1973இல் நூலாக்கினார். அந்தப் பையன் புதிரைக் குறிக்கும் ‘பசில்’ என்ற ஆங்கிலச் சொல்லைப் ‘படில்’ என்றான். சரி, ‘ஸ’ வரவில்லை, ‘ட’ வைத்துக்கொண்டான் என்று நினைப்போம். ஆனால் ‘படில்’ என்றே ஒலிக்கும் வேறொரு ஆங்கிலச் சொல் இருக்கிறது, தேங்கிய நீரைக் குறிப்பது. அதைச் சொல்லச் சொன்னால் ‘பகில்’ என்றான்! ‘படில்’ என்று சொல்ல அவன் நாக்கால் முடியும், ஆனால் அந்தச் சொல்லுக்கு அதைச் சொல்ல மாட்டான். நாக்கின் இயலாமையை மட்டும் வைத்து இதை விளக்கவே முடியாது. அவன் மனத்தில் தனக்கென்று விதிகள் இருந்தன, அவற்றை ஒழுங்காகப் பின்பற்றினான்.

உங்கள் மகளிடம் இருக்கும் விதி, ஒரே சொல்லில் இரண்டு வேறு மெய்கள் அருகருகே வந்தால் ஒன்றை மற்றதுபோல் ஆக்கிவிடுவது. கதவில் ‘த’ ‘க’வைத் தன் பக்கம் இழுத்துவிட்டது. விமானத்தில் ‘ம’ ‘வி’யை மாற்றிவிட்டது. நாய்க்குட்டியில் ‘க்கு’ ‘ட்டி’யை ‘க்கி’ ஆக்கிவிட்டது. அக்காவில் இழுக்க வேறு மெய் இல்லை, அதனால் சரியாக வருகிறது. விளக்கில் அந்த விதி ஏன் செல்லவில்லை என்று கேட்பீர்கள். வெவ்வேறு மெய்களுக்கு வெவ்வேறு பலம், இதுவும் குழந்தைக்குக் குழந்தை வேறுபடும். அவளுடைய இன்னும் பல சொற்களைக் கேட்டால்தான் சொல்ல முடியும், எழுதிவைத்து அனுப்புங்கள்.

எனக்கு இதில் ஓயாத மரியாதை உண்டு. பிள்ளை ஏதோ உளறுகிறது என்று நாம் சிரிக்கிற இடத்தில், அது ஒரு ஒழுங்கை உருவாக்கிக் கொண்டிருக்கிறது.

கொடிமுல்லை:
அப்படியென்றால் சரியாகச் சொன்ன சொல்லைப் பிறகு தவறாகச் சொல்வதும் இதனால்தானா? முதலில் ‘ரயிலு’ என்றே சொன்னான். இப்போது ‘யயிலு’. பின்னால் போகிறானோ என்று பயந்தேன்.

ஒலிப்பாடம்:
பயப்பட வேண்டாம். வெர்னர் லியோபோல்டு என்ற மொழியியலாளர் தன் மகளின் பேச்சை நான்கு தொகுதிகளாக எழுதினார், 1939 முதல் 1949 வரை வெளிவந்தன. அவள் ஒரு வயது ஆகும் முன்பே ‘பிரிட்டி’ (அழகான) என்ற ஆங்கிலச் சொல்லைக் கிட்டத்தட்டப் பெரியவர்கள் போலவே சொன்னாள், பின்னால் அதைப் ‘பிடி’ என்று சுருக்கிவிட்டாள். முதலில் சொன்னது முழுச்சொல்லையும் அப்படியே பார்த்து எடுத்தது. சொற்கள் பெருகிய பிறகு விதி வந்தது, விதி வந்ததும் பழைய சொல்லும் அதற்குள் அடங்கிவிட்டது. உங்கள் மகனிடம் “‘ர’ என்றால் ‘ய’” என்ற விதி உறுதியாகிவிட்டது, ரயில் அதில் மாட்டிக்கொண்டது. ஒரு சொல்லின் உச்சரிப்பு மாறுவது வேறு. பேசிக்கொண்டிருந்த சொற்களே மறைவது வேறு, அதை நாநலம் சொல்லட்டும்.

தூறல்:
எல்லாரும் மகிழ்ச்சியாக எழுதுகிறீர்கள். எனக்கு இதைப் படிக்கவே கஷ்டமாக இருக்கிறது. என் மகனுக்கு மூன்று வயது இரண்டு மாதம். நிறையப் பேசுகிறான், ஆனால் என்னையும் அவன் அப்பாவையும் தவிர வேறு யாருக்கும் புரிவதில்லை. சொல்லின் கடைசி ஒலிகள் எல்லாம் விட்டுப்போகின்றன. ‘பல்’, ‘பாம்பு’, ‘பால்’ மூன்றும் ஏறக்குறைய ‘பா’தான். உறவினர்கள், “பையன் லேட்டாத்தான் பேசுவான், அவன் அப்பாவும் அப்படித்தான்” என்கிறார்கள். இரண்டு மொழி பேசும் வீடு, அதனால் குழம்புகிறான் என்றும் சொல்கிறார்கள். காத்திருக்கலாமா?

நாநலம்:
தோழி, காத்திருக்க வேண்டாம். பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை, பார்த்துவிடுவது நல்லது என்பதால் சொல்கிறேன்.

நாங்கள் பொதுவாக வைத்துக்கொள்ளும் கணக்கு இது: முன்பின் அறியாதவர் ஒருவருக்கு, இரண்டு வயதுக் குழந்தை பேசுவதில் பாதியாவது புரிய வேண்டும், மூன்று வயதில் முக்கால் பங்கு, நான்கு வயதில் கிட்டத்தட்ட எல்லாமே. எழுத்துகள் தவறலாம், ஆனால் பேச்சு புரிய வேண்டும். உங்கள் மகன் இந்தக் கணக்குக்குக் கீழே இருக்கிறான்.

முதலில் காதைச் சோதியுங்கள், பேச்சை அப்புறம் பார்க்கலாம். அடிக்கடி சளி பிடிக்கும் பிள்ளைகளுக்கு நடுச்செவியில் நீர் தேங்கும். வலி இருக்காது, காய்ச்சல் இருக்காது, கூப்பிட்டால் திரும்பவும் செய்வான். ஆனால் தண்ணீருக்கு அடியில் இருந்துகொண்டு கேட்பது போல மங்கலாகத்தான் கேட்கும், மெல்லிய கடைசி ஒலிகள் முதலில் தொலையும். நீங்கள் சொல்கிற அறிகுறிக்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

இரண்டு மொழியால் பேச்சு தாமதமாகாது. அந்தக் குற்ற உணர்வை விட்டுவிடுங்கள், எந்த மொழியையும் நிறுத்தாதீர்கள். சொற்களை எண்ணும்போது இரண்டு மொழியிலும் சேர்த்து எண்ண வேண்டும், அவ்வளவுதான்.

மற்ற பெற்றோருக்கும் ஒரு வரி. ஒரு வயதில் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாதது, இரண்டு வயதில் ஐம்பது சொற்கள்கூட இல்லாதது அல்லது இரண்டு சொற்களைச் சேர்த்துப் பேசாதது, எந்த வயதிலும் இருந்த சொற்கள் மறைந்துபோவது, இவற்றில் ஏதாவது இருந்தால் மருத்துவரிடம் போங்கள். ‘ர’, ‘ழ’ வரவில்லை என்று மூன்று வயதில் வர வேண்டாம்.

நடைவண்டி:
தூறல், தைரியமாகப் போய்விட்டு வாருங்கள். எங்களுக்கும் ஒரு விஷயத்தில் வருத்தம் உண்டு, பெரிய மருத்துவக் காரணம் இல்லை, ஆனால் சொல்ல வேண்டும். வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாம் மகளிடம், “குதிரை சொல்லு, குதிரை சொல்லு” என்று கேட்டார்கள். அவள் குருதை என்பாள், அறையே சிரிக்கும். ஆரம்பத்தில் அவளும் சிரித்தாள். ஒருநாள் யாரோ கேட்டதும் வாயை இறுக மூடிக்கொண்டு என் காலுக்குப் பின்னால் போய் நின்றாள். அதன் பிறகு பல வாரங்கள் குதிரைப் படம் வந்தால் பக்கத்தைப் புரட்டிவிடுவாள். அன்போடு சிரித்தவர்கள்தான் எல்லாரும். ஆனால் இரண்டரை வயதுக்கு அது அன்பா கேலியா என்று எப்படித் தெரியும்?

கொடிமுல்லை:
மனசு வலிக்கிறது. இனி என் வீட்டில் யாரும் அவனை ‘சொல்லிக் காட்டு’ என்று கேட்க விட மாட்டேன். அவனாகச் சொல்லும்போது கேட்டு மகிழட்டும்.

மாலைவெயில்:
இதில் நான் முழுக்க உங்கள் பக்கம். வந்தவர்கள் முன்னால் குழந்தையைக் காட்சிப்பொருள் ஆக்குவது எனக்கு எப்போதுமே பிடிக்காது. பேத்தி பேசுவதை அவளுக்குத் தெரியாமல் போனில் பதிவு செய்து வைத்திருக்கிறேன், தனியாகக் கேட்டுக்கொள்வேன்.

ஒலிப்பாடம்:
பதிவு செய்வது மிக நல்லது. கூடவே எழுதியும் வையுங்கள். எழுதும்போது மூன்று விஷயம் போதும்: குழந்தை சொன்னது, சொல்ல வந்தது, அன்று அதன் வயது. ஒலிப்பதிவு மட்டும் இருந்தால் நாலு வருடம் கழித்து ‘தத்தை’ என்றால் சட்டையா, அத்தையா என்று உங்களுக்கே தெரியாது.

தூறல்:
காது பரிசோதனை முடிந்தது. இரண்டு காதிலும் நடுச்செவியில் நீர் இருக்கிறது. பல பிள்ளைகளுக்குத் தானாகவே வடிந்துவிடும், மூன்று மாதம் கழித்துத் திரும்பப் பார்க்கலாம், வடியாவிட்டால் அடுத்ததை யோசிக்கலாம் என்றார் மருத்துவர். அதுவரை முகத்துக்கு நேராக, பக்கத்தில் உட்கார்ந்து, டிவியை அணைத்துவிட்டுப் பேசச் சொன்னார். பேச்சுப் பயிற்சிக்கும் பெயர் கொடுத்துவிட்டோம். காரணம் தெரிந்ததே பாதி நிம்மதி. நன்றி நாநலம்.

நாநலம்:
நல்ல செய்தி. மூன்று மாதப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். பயிற்சியில் முதலில் ‘பல்’, ‘பால்’ போன்ற சொற்களின் கடைசி ஒலியில்தான் தொடங்குவார்கள் என்று நினைக்கிறேன். வீட்டில் அதே சொற்களை விளையாட்டில் நிறையக் காதில் போடுங்கள்.

அணில்வால்:
ஒலிப்பாடம் ஐயாவுக்கு நீங்கள் கேட்ட பட்டியல்: வண்டி ‘நண்ணி’, பந்து ‘பம்பு’, தொப்பி ‘பொப்பி’, மூக்கு சரியாக ‘மூக்கு’, நாக்கும் சரியாக ‘நாக்கு’. நேற்றிலிருந்து கதவு சில நேரம் ‘கதவு’, சில நேரம் ‘ததவு’. ஒரே மூச்சில் இரண்டும் வருகிறது.

ஒலிப்பாடம்:
ப, ம இரண்டும் அவளிடம் த, வ, ந்த எல்லாவற்றையும் இழுக்கின்றன: பொப்பி, மிமானம், பம்பு. மூக்கு, நாக்கில் ‘க்கு’ அசையாமல் நிற்கிறது, முதல் எழுத்தும் நிற்கிறது. அப்படியென்றால் ‘க’வைத் தொடுவது முதல் எழுத்தாக வரும்போது மட்டும்தான் போலிருக்கிறது. ‘கம்பி’, ‘கப்பல்’, ‘குடை’ மூன்றும் எப்படிச் சொல்கிறாள் என்று கேட்டுச் சொல்லுங்கள். சொல்லச் சொல்லிக் கேட்காதீர்கள், படத்தைக் காட்டி “இது என்ன?” என்று மட்டும் கேளுங்கள்.

அணில்வால்:
கப்பல் ‘பப்பல்’. கம்பி ‘பம்பி’. குடைக்குப் படம் கிடைக்கவில்லை, நிஜக் குடையையே விரித்துக் காட்டினேன். “மழை வந்தா அப்பா பிடிப்பா” என்றாள், குடை என்று சொல்லவே இல்லை. மழை மட்டும் தெளிவாக மழை!